பள்ளியில் வாசித்த கடிதம்

காலி
1911 டிசம்பர் 9

தங்கச்சி ஸுலைஹாவுக்கு ஸலாம்.

பதுளையை விட்டுப் பன்னிரண்டு நாளாகிறது. அதில் பத்து நாளை இந்தத் துறைமுகத்தில் ஒரு பாய்மரப் படகைப் பார்த்தபடியே கழித்தேன். நல்ல படகு. புறப்படவில்லை என்பதைத் தவிர அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தலைமாலுமி மாலைத்தீவுக்காரர். முதல் தடவை நட்சத்திரம் சரியில்லை என்றார். இரண்டாம் தடவை காற்று சரியில்லை. மூன்றாம் தடவை இரண்டும் சரியாக இருந்தன. அவருடைய வயிறு சரியில்லை.

சும்மா இருக்கும் மனு எழுத்தாளன் மனுதான் எழுதுவான். அரசாங்கக் கச்சேரி வாசலில் இருபது வருடம் பிறருக்காக எழுதிய முறைப்படியே உன் மனுவையும் மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். முதலில் விபரம், பிறகு அழுகை.

விபரம்: உன் புருஷன் மர்ஸூக், மூன்று மாதத்தில் வருவதாகச் சொல்லி மாசிக் கருவாடு வாங்க மாலைத்தீவுக்குப் போய் மூன்று வருடமாகிறது. கடைசிக் கடிதம் வந்து இரண்டு வருடம். அவனைப் பெற்ற புஹாரி மாமா, மகன் கடலோடு போய்விட்டான் என்று தீர்மானித்துவிட்டார். ரபீஉல் அவ்வல் மாதத்து மவ்லூது ஓதி முடிந்ததும், இறந்தவனுக்காக உடல் இல்லாமலே தொழுகிற ஜனாஸாவைப் பள்ளிவாசலில் தொழுவிக்கப் போகிறார். தகப்பன் மவுத்தானால் பெண்பிள்ளையைக் கட்டிக்கொடுக்கும் உரிமை தகப்பனின் தகப்பனுக்கு. அவர் அவளிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டியதில்லை. உன் மகள் பதின்மூன்று வயது நளீராவைப் பண்டாரவளை நிஸாம் முதலாளிக்குப் பேசியிருக்கிறார். முதலாளிக்கு வயது ஐம்பத்தாறு, மாட்டுவண்டி இருபத்திரண்டு, காலமான மனைவிகள் இரண்டு. ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடுவதால் மாமாவின் கடை உட்படப் பதுளைக் கடைகளின் சரக்கு முழுவதும் அவருடைய வண்டியில்தான் ஏறவேண்டும். அரசாங்கம் இன்னும் இருபது மைலுக்குத் தண்டவாளம் போட்டிருந்தால் இந்தச் சம்பந்தமே எழுந்திருக்காது.

அழுகையை எழுதவில்லை. அது உன்னிடம் போதுமான அளவு இருக்கும்.

மர்ஸூக்கோடு வருவேன். அவன் வராவிட்டால், மகளுக்கு இந்தக் கலியாணம் வேண்டாம் என்று அவன் கையெழுத்தையாவது கொண்டுவருவேன்.

உன் நானா
ஹுமைத்


பதுளை
1911 டிசம்பர் 20

நானாவுக்கு ஸுலைஹா எழுதுவது.

உங்கள் கடிதம் வந்தது. எனக்கு முன்பே மாமாவுக்கு வந்தது. தபாலை அவர்தான் எடுக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். பள்ளிவாசல் லெப்பையைத் தன் கடைக்கு அழைத்து உரக்க வாசிக்கச் சொன்னாராம். மாட்டுவண்டி இருபத்திரண்டு, மனைவிகள் இரண்டு என்று வாசித்தபோது நிஸாம் முதலாளியின் வண்டிக்காரர் இரண்டு பேர் அங்கே மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மாமா சிரித்தாராம். சிரித்துவிட்டு, ஜனாஸாவுக்கு நாளையும் குறித்துவிட்டார். மார்ச் மாதம் பதினைந்தாம் திகதி, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு.

நீங்கள் வேடிக்கையாக எழுதுவது உங்களுக்கு ஆறுதல். அதற்கான கூலியை இங்கே நான் கொடுக்கிறேன்.

இனிமேல் நமுனுகுலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சிவஞானத்தின் மனைவி நல்லம்மா பெயருக்கு அனுப்புங்கள். சம்பளம் போட்ட அடுத்த ஞாயிறு அவள் துணி எடுக்க டவுனுக்கு வருவாள். அரபு எழுத்தில் நாம் எழுதும் தமிழை அவளும் வாசிக்க முடியாது, அவள் புருஷனும் வாசிக்க முடியாது. "என்னான்னு நாங் கேக்கமாட்டேங்க. ஆனா சந்தோசக் கடுதாசின்னா சொல்லிப்புடுங்க, நானும் கொஞ்சம் சிரிச்சுக்கிறேன்" என்றாள்.

போன வெள்ளி நிஸாம் முதலாளி வீட்டுப் பெண்கள் வந்தார்கள். நளீராவை நடக்கச் சொன்னார்கள், திரும்பச் சொன்னார்கள், வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார்கள். மாடு வாங்கிப் பழகிய வீடு. அவர்கள் போனதும் பிள்ளை என்னிடம், "உம்மா, என்னப் பிடிச்சிருக்காமா அவங்களுக்கு?" என்று கேட்டாள். பிடிக்காமல் போனால் தன்மீது குறை என்று நினைக்கிறாள். அந்த வயதுதான் அவளுக்கு.

நளீராவின் வாப்பா உயிரோடு இருந்தால் போதும். என்மீது அன்பு இருக்கிறதா என்றெல்லாம் விசாரிக்க வேண்டாம்.

ஸுலைஹா


தீவு
1912 ஜனவரி 24

தங்கச்சிக்கு,

வந்து சேர்ந்தேன். பதினோரு நாள் கடலில் இருந்தோம். அரிசி மூட்டைகளும் ஒரு கிடாயும் நானும் பயணிகள்; எங்கள் மூவரில் வாந்தி எடுத்தது நான் மட்டும். மாலைத்தீவின் தலைநகரத்திலிருந்து வேறொரு சின்னப் படகில் இரண்டு நாள் தெற்கே வந்தால் இந்த ஊர். அறுபது வீடுகள். மணல் தெருவைப் பெண்கள் விடியற்காலையில் கூட்டிப் பெருக்குகிறார்கள். அவ்வளவு சுத்தமான தெருவில் நடக்கவே கூச்சமாக இருக்கிறது. காலையில் மீன் தருகிறார்கள், பகலில் மீன் தருகிறார்கள், இரவில் ஒரு மாற்றத்துக்காக அதையே காய்ந்த மீனாகத் தருகிறார்கள். மேடு என்று ஒன்று கிடையாது. நமுனுகுலை மலையைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் கண்ணைச் சாய்க்க இடமில்லை.

மர்ஸூக் என்று சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். தெரிந்த பெயர்தான். ஆனால் என் பாஷை அவர்களுக்குத் தெரியாது, அவர்களுடையது எனக்குத் தெரியாது. தமிழ் தெரிந்த ஒரே ஆள் ஊர்த்தலைவர். அவர் அடுத்த தீவுக்குப் போயிருக்கிறார். எனக்கு நிறையப் பழம் கொண்டுவந்து தருகிறார்கள். இவ்வளவு உபசாரம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 27

தலைவர் வந்தார். அவருடைய தமிழ் காலியில் மாசி விற்றுக் கற்ற தமிழ். விலை பேசவும் சரக்கு இல்லையென்று சொல்லவும் அது தாராளமாகப் போதும். மர்ஸூக் எங்கே என்று கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, மிகவும் மரியாதையாக, தனக்குத் தெரிந்த சொற்களில் சொன்னார்: "மர்ஸூக் இல்லை. முடிஞ்சுது. முந்தின வருசம் முடிஞ்சுது."

காய்ச்சலாம். பதினான்கு மாதமாகிறது. அடக்கம் செய்த கபுரைக் காட்டினார். தெருவைப் போலவே அதையும் கூட்டி வைத்திருந்தார்கள். கூட்டுகிறவள் அவன் இங்கே நிக்காஹ் செய்த பெண். அவள் பெயரை எழுதவில்லை. நீ கேட்டால் எழுதுகிறேன். புருஷனை இழந்தவள் இருக்கவேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தாவை அவள் இருந்து முடித்துவிட்டாள். ஊரே சோறு கொண்டுபோய்க் கொடுத்ததாம்.

ஸுலைஹா, இதை இப்படி எழுதியதற்கு மன்னித்துக்கொள். வேறு விதமாக எழுத மூன்று தாளைக் கிழித்தேன்.

ஜனவரி 30

நாளை ஒரு வியாபாரியின் கப்பலுக்குத் தபால் போகிறது. இதனுடன் இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று, மர்ஸூக் இன்ன நாளில் மவுத்தானான் என்று ஊர்த்தலைவர் முத்திரை வைத்துக் கொடுத்தது. அது உண்மை. இன்னொன்று, மர்ஸூக் தன் வாப்பாவுக்கு எழுதிய கடிதம். தான் சுகம் என்றும், தான் வரும்வரை நளீராவுக்குக் கலியாணம் கூடாது என்றும் எழுதியிருக்கிறான். எழுதியது யார் என்று உனக்குத் தெரியும். பிறர் பெயரில் எழுதுவதுதானே என் தொழில், அவன் கையெழுத்தும் எனக்குப் பழக்கம். தொடக்கத்தில் எட்டு வரிக்குத் தன் முதுகுவலியைச் சொல்லியிருக்கிறான். உங்களில் ஒருவருடைய சுகத்தையும் விசாரிக்கவில்லை. யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

இரண்டில் ஒன்றை எரித்துவிடு. எதை என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை.

ஹுமைத்


பதுளை
1912 மார்ச் 20

நானாவுக்கு,

நல்லம்மா பத்தாம் திகதி கொண்டுவந்தாள். சந்தோசக் கடுதாசியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சிரித்துவிட்டுப் போனாள்.

முத்திரை வைத்ததை அடுப்பில் போட்டேன். மற்றதை, ஒரு மாசி வியாபாரி கையில் வந்தது என்று சொல்லி மாமாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பதினைந்தாம் திகதி ஜனாஸாவுக்கு என்று வந்த கூட்டத்துக்கு நடுவில் லெப்பை அதை வாசித்தார். முதுகுவலி வந்ததும் மாமா, "என் மகன்தான்" என்றாராம். இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னாராம். பிறகு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அந்த இடத்திலேயே நெற்றி தரையில் பட ஸுஜூதில் விழுந்து அழுதாராம். நானா, அவர் அழுவார் என்று நாம் எழுதிவைக்கவில்லையே.

மறுநாள் ஊருக்குச் சோறு. கிடா இரண்டு. அவருடைய மருமகள் அல்லவா, அண்டாவுக்கு முன்னால் நான்தான் நின்றேன். பச்சைச் சேலை உடுத்தச் சொன்னார், உடுத்தினேன். பெண்கள் வந்து வந்து என்னைக் கட்டிப் பிடித்தார்கள். "உனக்குப் போன உயிர் திரும்பிச்சு" என்றாள் ஒருத்தி. வெங்காயம் உரித்தேன். மூன்று பேர் உரிக்கிற வெங்காயத்தை நான் ஒருத்தியே உரித்தேன், அழுவதற்கு அன்றைக்கு எனக்கிருந்த சாக்கு அது ஒன்றுதான்.

இத்தாவைப் பற்றி லெப்பையின் மனைவியிடம் யாரோ ஒருத்திக்கு என்று கேட்டேன். மவுத்தான நாளிலிருந்துதான் கணக்காம். அவளுக்குத் தெரிந்த நாளிலிருந்து அல்லவாம். ஆகவே என் இத்தா எப்போதோ முடிந்துவிட்டது. அந்த நாலு மாதத்தில் ஒரு கலியாண வீட்டுக்குப் போனேன், மல்லிகை வைத்தேன், அவர் கடிதம் போடவில்லை என்று அவரைத் திட்டினேன்.

இனி முக்கியமானது. நிஸாம் முதலாளி காத்திருக்கிறேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். மகனுடைய சம்மதத்தை எழுதிக் கேட்கப்போவதாக மாமா சொல்கிறார். அதற்கு முன் நீங்கள் ஒன்று செய்யவேண்டும். நம் சொந்தத்தில் றம்ஸியா மாமியின் மகன் நல்ல பையன், இருபத்திரண்டு வயது. அவனுக்கு நளீராவைக் கொடுக்கச் சம்மதம் என்று "அவர்" ஒரு கடிதம் எழுதட்டும். இரண்டு வருடம் கழித்து முடிக்கலாம். பிள்ளை தப்பிவிடுவாள். எழுதுங்கள்.

ஸுலைஹா


தீவு
1912 மே 3

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை வாசித்தேன். எழுதவும் உட்கார்ந்தேன். எழுதமாட்டேன்.

கோபப்படாமல் கேள். பொய்க் கையெழுத்தால் ஒரு கலியாணத்தை நிறுத்தலாம். ஒன்றை நடத்த முடியாது. உரிமை இல்லாதவன் கொடுத்த நிக்காஹ் நிக்காஹ் அல்ல. மவுத்தானவனுக்கு என்ன உரிமை? உலகத்துக்கு நளீரா பெண்டாட்டியாக இருப்பாள், அல்லாஹ்வுக்கு இருக்கமாட்டாள். அவள் பிள்ளைகளையும் நினைத்துப் பார். இப்படிச் சட்டம் பேசும் ஆள் எப்படிப்பட்டவன் என்று நீ கேட்பாய். கள்ளக் கடிதம் எழுதியவன்தான். களவிலும் ஒரு எல்லை இருக்கிறது என்பதை நானே இப்போதுதான் கண்டுபிடித்தேன்.

ஆக, நம்மிடம் இருப்பது "வேண்டாம்" என்ற ஒரே சொல். மர்ஸூக் அதை வருடத்துக்கு இரண்டு தடவை எழுதுவான். அதற்கு நான் இங்கே இருக்கவேண்டும். மகனை விட்டுவிட்டு நான் மட்டும் வந்தால், ஏன் என்று மாமா கேட்பார். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கச் சொல்கிறார்கள், சம்மதித்துவிட்டேன்.

எவ்வளவு காலத்துக்கு என்று கேட்பாய். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். மாமாவுக்கு எழுபத்தொன்று ஆகிறது. அவருக்குப் பிறகு அந்த உரிமை யாருக்குப் போனாலும் நளீராவைக் கேட்காமல் கட்டிக்கொடுக்க முடியாது. நாம் காத்திருப்பது ஒரு மனிதர் சாவதற்காக. மனுவில் இதை எந்த வார்த்தையால் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஹுமைத்


பதுளை
1912 நவம்பர் 18

நானாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு ஆறு மாதமாகப் பதில் எழுதவில்லை. கோபம். பிள்ளையைப் பெற்றவள் நான், எல்லையைக் கண்டுபிடித்தவர் நீங்கள் என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் கோபப்பட நேரமில்லை.

நீங்கள் காத்திருக்கும் மனிதர் சாகவில்லை. மகன் உயிரோடு இருக்கிறான் என்று கேட்ட நாளிலிருந்து பத்து வயது குறைந்துவிட்டார். தாடிக்கு மருதாணி வைக்கிறார். பள்ளிக்குக் கைத்தடி இல்லாமல் போகிறார். நம்முடைய கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார். நான்தான் படுக்கை தட்டுகிறேன்.

அவர் அங்கே வருகிறார்.

நோன்புப் பெருநாள் கழிந்ததும் சொன்னார். மகனை நேரில் பார்த்து, நிஸாம் முதலாளிக்குச் சம்மதம் வாங்கிக்கொண்டு வருவாராம். வராவிட்டால் இழுத்துக்கொண்டு வருவாராம். கடல் கெட்டது, காற்று கெட்டது, உங்கள் வயதுக்கு முடியாது என்று எல்லாம் சொன்னேன். "எனக்குக் கடல் என்ன செய்யும் மகள்? நான் போறது என்ட புள்ளக்கிட்ட" என்றார். அதற்குமேல் நான் எதைச் சொல்லமுடியும்? ஒன்றைத்தான் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. நளீரா அந்த நேரம் அவருடைய சாரத்தையும் சட்டையையும் மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். தன் வாப்பாவுக்கு என்று தொப்பி ஒன்று தைத்து அதையும் வைத்தாள்.

கபுரைப் பார்த்தால் அவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். அதே படகில் திரும்புவார். ஜனாஸாவையும் கலியாணத்தையும் ஒரே வாரத்தில் வைப்பார். நம்மை என்ன செய்வார் என்பதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

அவர் நாளை பண்டாரவளைக்குப் போய் ரயில் ஏறுகிறார். இந்தக் கடிதத்தை இன்றைக்கே நல்லம்மா தபாலில் போடுகிறாள். எப்படிப் பார்த்தாலும் இரண்டும் காலியில் ஒரே படகில்தான் ஏறும். கடிதம் முதலில் இறங்கினால் ஏதாவது செய்யுங்கள். மாமா முதலில் இறங்கினால் இதை வாசித்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஸுலைஹா


தீவு
1913 ஜனவரி 11

தங்கச்சிக்கு,

மாமாதான் முதலில் இறங்கினார்.

ஒரு மாலுமி அவரை முதுகில் சுமந்து தண்ணீரைக் கடந்து மணலில் வைத்தான். நான் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவரைக் கண்டதும் எனக்குள் நாலு பொய் வரிசையாக எழுந்து நின்றன. மர்ஸூக் மீன்பிடிக்கப் போயிருக்கிறான், அடுத்த தீவில் இருக்கிறான், நோயாக இருக்கிறான், வரமாட்டேன் என்கிறான். எல்லாம் நல்ல பொய்கள். அவர் ஸலாம் கூடச் சொல்லவில்லை, சுற்றிப் பார்த்து, "எங்க அவன்?" என்றார். தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். பெட்டியைத் தானே பிடித்திருந்தார். நாலில் ஒன்றும் என் வாயில் வரவில்லை.

கூட்டிக்கொண்டு போனேன்.

தலை எந்தப் பக்கம் என்று கேட்டார். காட்டினேன். ஸலாம் சொன்னார். பிறகு எப்போது என்று கேட்டார். சொன்னேன். விரல்விட்டு மாதங்களை எண்ணினார். எண்ணி முடிந்ததும் என்னைப் பார்த்தார்.

"அப்ப, அந்தக் கடிதம்?"

"நான் எழுதினேன், மாமா."

"முதுகுவலி?"

"அதும் நான்தான்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பெட்டியைத் திறந்து தொப்பியை எடுத்து, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல், மறுபடியும் உள்ளே வைத்து மூடினார்.

மூன்று நாள் கபுருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கபுரைக் கூட்டும் பெண் கொண்டுவந்த சோற்றைச் சாப்பிட்டார். அவள் யார் என்று கேட்கவில்லை. தெரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். நாலாம் நாள் படகு திரும்பும் என்று தலைமாலுமி சொல்லியனுப்பினார். மாமா என்னைக் கூப்பிட்டு, பதுளைக்கு ஒரு கடிதம் எழுது என்றார். பள்ளிக்கும் நிஸாம் முதலாளிக்கும் சேர்த்து. நான் தாளை எடுத்தேன். அவர் சொல்லப்போகும் ஒரு வரியில் நளீரா போய்விடுவாள். அதை எழுதப்போகிறவன் நான்.

"மர்ஸூக்" என்றார். எழுதினேன். நிறுத்தினார். கடலைப் பார்த்தார். மறுபடியும் "என்ட மகன் மர்ஸூக்" என்றார். எழுதினேன். மறுபடியும் நிறுத்தினார். இப்படி மூன்று தடவை. கச்சேரி வாசலில் இதைப் பார்த்திருக்கிறேன். தன் வாயால் சொல்ல முடியாத ஒன்றுக்காகத்தான் மனிதர்கள் என்னிடம் வருவார்கள். நான் எடுத்துக்கொடுப்பேன். இந்தத் தடவை எடுத்துக்கொடுக்கவில்லை.

கடைசியில், "சுகமா இருக்கான்னு எழுது" என்றார்.

"மாமா?"

"பள்ளி நிறைய ஆளுக்கு முன்னால அவன் மவுத்துன்னு சொல்ல நாள் வச்சவன் நான். அப்ப நாக்கு எழும்பிச்சு. பொய்தானே, வந்துருவான்னு நினைச்சிருந்தேன். இப்ப எழும்புதில்ல."

நளீராவைப் பற்றிக் கேட்டேன். கேட்காமல் விட்டிருக்கலாம், ஆனால் கேட்டேன்.

"தகப்பன் இருக்கானே அவளுக்கு. வேணாம்ங்கிறான். நான் யாரு?"

பிறகு, போகிற போக்கில் சொல்வதுபோல, "நான் மவுத்தான பிறகு ரெண்டு பேருக்கும் சேத்துத் தொழுதுக்கிங்க" என்றார்.

அவர் படகில் ஏறமாட்டேன் என்கிறார். வற்புறுத்திப் பார்த்தேன். மகன் இங்கே இருக்கும்போது தான் ஏன் போகவேண்டும் என்று கேட்கிறார். இப்போது இந்த ஊரார் மாசி காயவைக்கும் முறையில் உள்ள பிழைகளை அவர்களுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர்களுக்கு ஒரு சொல்லும் விளங்குவதில்லை. பொழுது சாயும்போது இருமல் வருகிறது. அவரைத் தனியே விட்டுவிட்டு நானும் வரமுடியாது. எங்கள் இரண்டு பேரையும் ஒரு வருடமோ பத்து வருடமோ எதிர்பார்க்க வேண்டாம்.

நீ உயிரோடு இருப்பவனின் மனைவியாகவே இருக்கவேண்டியிருக்கிறது.

இதனுடன் பள்ளியில் வாசிக்க ஒரு கடிதம் வருகிறது. தன் பெயரில் தொடங்கியதை விட்டுவிட்டு மர்ஸூக்கின் பெயரிலேயே மாமா சொன்னார், எழுதியது நான். முடிக்கும்போது மாமா, பெண்டாட்டிக்கு ஒன்றும் எழுதாமல் ஒரு ஆள் கடிதம் முடிப்பானா என்று கேட்டார். மர்ஸூக் அப்படித்தான் முடிப்பான் என்று சொன்னேன். பிறகு தனித் தாள் ஒன்றை எடுக்கச் சொல்லி, ஒரே ஒரு வரி சொன்னார். அதில் நான் ஒரு எழுத்தையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை; மகனாகச் சொன்னாரா, தானாகச் சொன்னாரா என்று கேட்கவுமில்லை. அதை லெப்பையிடம் கொடுக்காதே.

"ஸுலைஹா, உன்னத் தனிய விட்டுட்டு வந்து, நீ பெத்த புள்ளைக்காக உன்னப் பொய் சொல்லவும் வச்சது என்ட பிழை."

ஹுமைத்